ஆவாரங்காட்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

பொங்கலுக்கு முந்தின நாள் சந்தை வாசலில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் கட்டி, காப்புக் கட்ட என்று ஒரு கொத்து கொடுப்பார்கள். அதில் மஞ்சளாக இருப்பது ஆவாரம்பூ. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பூவோடு உள்ள பழக்கம் அவ்வளவுதான். வீட்டுக் கூரையில் செருகுகிறோம், மறுவாரம் அது சருகாகித் தொங்குகிறது. செடி எந்த மண்ணில் நின்றது, பக்கத்தில் எது நின்றது, யார் வந்து போனார்கள் என்று தெரியாது. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கினால் இதையெல்லாம் பார்த்துவிடலாம். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய காட்டுப்பூ இது. அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், காடு என்றால் எது?

காடு என்றதும் நம் கண்ணில் வருவது குறிஞ்சி மலையும் வானை முட்டும் மரமும். ஆவாரையை அங்கே தேடினால் கிடைக்காது. கொங்குப் பக்கம் ஒருவர் "காட்டுக்குப் போறேன்" என்றால் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். மதுரைப் பக்கம் 'முள்ளுக்காடு' என்கிறார்கள். ஆள் உயரத்துக்குப் புதர், இடையிடையே குடை பிடித்த மாதிரி வெள்வேல், கால் வைத்தால் நறநறவென்று சரளை. இந்தப் புதர்க்காடுதான் ஆவாரையின் வீடு.

இந்தக் காட்டுக்கு ஒரு கெட்ட நேரம் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு இது காடாகவே தெரிவதில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர் நிலம் ஒரு வகைத் தரிசாகத்தான் இடம்பெறுகிறது. குப்பை கொட்ட வேண்டுமா, கிராவல் அள்ள வேண்டுமா, பிளாட் போட வேண்டுமா, முதலில் கை நீள்வது இந்த இடத்தை நோக்கித்தான். நீங்கள் போகும்போதும் கூட வருகிறவர், "இங்க என்ன இருக்குன்னு கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டாம். கையில் ஒரு லென்ஸைக் கொடுங்கள்.

எங்கே, எப்போது

தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் எங்கேயும் இருக்கிறது. மதுரையில் நாகமலை அடிவாரம், அரிட்டாபட்டிக் குன்றுகள், திண்டுக்கல்லில் சிறுமலைக்குக் கீழே உள்ள சமவெளி, காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள் (வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்கள்), தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாடு. சென்னைக்காரர்களுக்கு நன்மங்கலம் பக்கம். இலங்கையில் மன்னார், யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை என்று உலர்வலயம் முழுக்க உண்டு. சிங்களத்தில் 'ரணவரா' என்பார்கள், அங்கே அதைக் கொதிக்க வைத்துத் தேநீர்போலக் குடிக்கும் வழக்கம் பரவலானது. தெலுங்கில் 'தங்கேடு'. பதுகம்மா பண்டிகையில் அடுக்குகிற பூக்களில் முக்கியமானது, தெலங்கானாவின் மாநில மலரும் அதுதான்.

வல்லநாடு வெளிமான் சரணாலயம். நன்மங்கலம் காப்புக்காடு. இந்த மாதிரி இடங்களுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. முதல் தடவை போகிறவருக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கண்மாய்க் கரை, ஓடை ஓரம், ரயில் பாதைக்கு இரு பக்கம், மேய்ச்சல் புறம்போக்கு, இவை போதும்.

வருடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும் என்றாலும் செடி மறையும்படி பூப்பது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான். கார்த்திகை முதல் மாசி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு அங்கே இருங்கள். ஒன்பதரைக்கு மேல் வெயில் உங்களை விரட்டும், வண்டுகளின் நடமாட்டமும் குறைந்துவிடும்.

காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். சுருட்டை விரியன் இந்த மாதிரிச் சரளை நிலத்தில்தான் இருக்கும், கல்லோடு கல்லாகப் படுத்திருந்தால் கண்ணுக்கே படாது. கல்லைப் புரட்டாதீர்கள், புதருக்குள் கையை விடாதீர்கள். தண்ணீர், தொப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு மடக்கு லென்ஸ். முடிந்தால் பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் இருக்குமே, அந்த இசைக்கவை ஒன்று. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

செடியை உறுதி செய்வது

இந்த இடத்தில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். மஞ்சள் பூ என்பது ஒரு அடையாளமே அல்ல. பூவை விட்டுவிட்டு இலையிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு இலைக்காம்பைப் பிடித்துப் பாருங்கள். புளிய இலை மாதிரி இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள், எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி, நுனியில் ஒற்றை இலை கிடையாது. சிற்றிலையின் முனை மழுங்கி இருக்கும். இப்போது லென்ஸை எடுத்து ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே பாருங்கள். கம்பு தானியத்தைக் காட்டிலும் சிறியதாக ஒரு முளை நிமிர்ந்து நிற்கும். அது சுரப்பி. ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம். அங்கே காது மடல் மாதிரி அகலமான இரண்டு பச்சைச் செதில்கள் தண்டை அணைத்திருக்கும். 1753-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது பிடித்துக்கொண்டது இந்தக் காதைத்தான். இன்று சென்னா ஆரிகுலேட்டா என்கிறார்கள், 'காதுள்ளது' என்று பொருள். பூவையும் மணத்தையும் விட்டுவிட்டுக் காதைப் பிடித்தாரே என்று எனக்கு ஒரு காலத்தில் வருத்தம். இரண்டு முறை தவறான செடியைப் பறித்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

பட்டை செம்பழுப்பு. காய் தட்டையாக, காகிதம்போல மெல்லியதாக, விரல் நீளத்துக்குத் தொங்கும். உள்ளே விதைகள் புடைத்துத் தெரியும்.

உறவுக்காரச் செடிகள்

பேயாவாரைதான் பெரிய ஏமாற்று. ஊர் ஓரக் குப்பைமேட்டில் இடுப்பளவு வளரும். சிற்றிலை நாலைந்து ஜோடிதான், முனை கூர்மை, சுரப்பி காம்பின் அடியில் ஒன்றே ஒன்று. கசக்கினால் நாற்றம். கல்லூரி நாட்களில் நான் ஒரு பை நிறையப் பறித்துப் போய், "ஆவாரம்பூ கொண்டாந்துருக்கேன்" என்று பெருமையாக நீட்டினேன். அம்மா முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இத எங்கடா புடிச்ச? கைய சோப்பு போட்டுக் கழுவு போ" என்று பையோடு வாங்கிக் குப்பையில் போட்டாள். அவள் செய்ததுதான் சரி. அதன் விதையைத் தின்ற ஆடுமாடுகளும் குழந்தைகளும் செத்ததுண்டு.

தகரை இன்னும் குட்டை, சிற்றிலை மூன்றே ஜோடி. சீமையகத்தியில் பூ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததுபோல் நேராக நிற்கும். சாலையோரத்தில் மணி வடிவத்தில் கொத்தாகத் தொங்கும் மஞ்சள் பூ வேறு குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டது. நெல்லைச் சீமையில் மருந்துக்காகப் பயிரிடுகிற நிலாவாரை சொந்தச் சகோதரி. இலை பேதி மருந்து, அதனால் பெயரில் உள்ள ஒற்றுமையை நம்பித் தேநீர் போட்டுவிடாதீர்கள்.

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஒரு மஞ்சள் பூ மரம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மஞ்சள் கொன்றை என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டல மரம். பரவிய இடத்தில் அடியில் வேறெதையும் வளரவிடாது, வனத்துறை அதை வேரோடு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆவாரையும் அதுவும் சென்னா என்ற ஒரே பேரினம். பார்ப்பதற்குப் பூவும் ஏறக்குறைய ஒன்றுதான். நிற்கும் மண்ணை வைத்து ஒன்றைக் காப்பதும் ஒன்றை வெட்டுவதும் இங்கே நியாயமாகிவிடுகிறது.

பூவின் முன்னால் அரைமணி நேரம்

இதைத் தவறவிட்டால் போனதே வீண்.

கண்மட்டத்தில் இருக்கும் ஒரு பூக்கொத்தைத் தேர்ந்தெடுத்து உட்காருங்கள். ஐந்து இதழ், ஓரம் சுருங்கிய சேலைக் கரை மாதிரி, மஞ்சளுக்குள் செம்பழுப்பு நரம்புகள் ஓடும். நடுவில் பத்து மகரந்தத் தண்டுகள். பத்தும் ஒரே மாதிரி இல்லை. மேலே இருக்கும் மூன்று சிறியவை, மலடு. நடுவில் உள்ளவை நடுத்தரம். கீழே இருப்பவை நீண்டு, கொக்கிபோல வளைந்து, பழுப்பாக இருக்கும். அவற்றோடு இன்னொரு பச்சை வளைவும் தெரியும், அது சூலகம். அதுதான் பிறகு காயாகப் போகிறது.

தேன் இருக்கிறதா என்று தேடாதீர்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வருகிறவர்களுக்குக் கொடுக்க அதனிடம் இருப்பது மகரந்தம் மட்டும், அதையும் பூட்டி வைத்திருக்கிறது. செம்பருத்தியில் தொட்டால் விரலில் ஒட்டுகிறதே, இங்கே அப்படி ஒட்டாது. மகரந்தப் பை முழுக்க மூடியிருக்கும், நுனியில் மட்டும் உப்புக் குப்பி மூடியில் இருப்பதுபோல் துளை.

சற்று நேரத்தில் கருவண்டு வரும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்குமே அது. வரும்போது கனமான ரீங்காரம். பூவில் உட்கார்ந்து கால்களால் மகரந்தப் பைகளைக் கட்டிப்பிடித்ததும் சத்தம் சட்டென்று மாறும், சுருதி மேலே ஏறும். இறக்கை அசையாது. உள்ளே பறக்கும் தசைகளை மட்டும் அது துடிக்க வைக்கிறது. அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பொடிப்பொடியாகப் பீய்ச்சியடிக்கும். நடுவில் இருக்கும் பைகளின் பொடி வண்டுக்குச் சாப்பாடு. கீழே வளைந்த நீளப் பைகளிலிருந்து வருவது வண்டின் உடம்பில் அதற்குக் கைகால் எட்டாத இடத்தில் படிந்து அடுத்த பூவுக்குப் போகும். சாப்பாட்டுக்கு ஒரு பை, சந்ததிக்கு ஒரு பை.

தேனீ வந்தால் பாருங்கள். அதற்கு இந்த வித்தை தெரியாது. வண்டு சிந்திவிட்டுப் போனதை இதழில் பொறுக்கிக்கொண்டிருக்கும்.

இசைக்கவை இப்போது உதவும். முழங்காலில் தட்டி, அதிரும் கவையின் ஒரு முனையைப் புதிதாக மலர்ந்த பூவின் மகரந்தப் பையில் மெல்லத் தொடுங்கள். நேரம் சரியாக இருந்தால் மஞ்சள் புகை ஒன்று குபுக்கென்று வரும். காலை வண்டுகள் வந்து போன பூ என்றால் ஒன்றும் வராது, வேறு பூவுக்குப் போங்கள். ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன், புகை வந்ததும் கவையைப் பிடுங்க அடிதடியே நடந்தது.

இனி அந்த இலைச் சுரப்பிக்குத் திரும்புங்கள். எறும்புகள் ஏறி இறங்குவது தெரியும். பூவில் இல்லாத தேன் இலையில் இருக்கிறது. எறும்புக்குக் கூலி கொடுத்துக் காவல் வைக்கிற ஏற்பாடு, இலை தின்ன வரும் புழுக்களை அவை விரட்டும். விரட்டியும் சில தப்பிவிடும். இளம் இலையைப் புரட்டினால் அரிசி நொய்யை நிமிர்த்தி வைத்ததுபோல் வெள்ளை முட்டை ஒன்று நிற்கலாம். சிறு மஞ்சள் பட்டாம்பூச்சியும், பச்சை கலந்த வெள்ளையாக வேகமாய்ப் பறக்கும் இன்னொன்றும் ஆவாரையில் முட்டை இடுகிறவை.

சுற்றிலும் பாருங்கள்

எழுந்து நின்று, செடியைச் சுற்றி இருபது அடி நடங்கள். வெள்வேல், உசில், விடத்தலை, சூரை, இலந்தை, காரை, விராலி, கிளுவை, மேலே படர்ந்த பிரண்டை. இவற்றில் நாலைந்து இருந்தால் அது நல்ல புதர்க்காடு. ஆவாரையும் சீமைக் கருவேலமும் மட்டும் நின்றால் அந்த நிலம் நிறைய அடி வாங்கியிருக்கிறது.

அதற்குக் காரணம் ஆடு. நாகமலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன், "ஆடு இதத் திங்காதா ஆத்தா?"

"எதக் கண்டாலும் திங்கிற சாதிய்யா அது. போன வாரம் என் சீலையத் தின்னுருச்சு. ஆவாரைய மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிரும்."

மற்றதெல்லாம் மேய்ந்து தீர்ந்த பிறகும் ஆவாரை நிற்பது அதனால்தான். ஆகவே ஆவாரை மிகுதியாக இருப்பதை மட்டும் வைத்துக் காடு செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. பக்கத்தில் எது இல்லை என்பதையும் எழுதி வையுங்கள்.

வெட்டுப்பட்ட பழைய அடிக்கட்டை தெரிந்தால் அதற்கும் ஒரு கதை உண்டு. தோலைப் பதனிட ஆவாரம்பட்டை ஒரு காலத்தில் பெரிய சரக்கு. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழில் இந்தப் பட்டையில் ஊறித்தான் வளர்ந்தது. பிறகு 'வாட்டில்' என்ற மரத்தின் பட்டை வந்தது, அப்புறம் குரோமியம் வந்தது, தோல் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்பது ஊரறிந்த விஷயம். இன்னும் பின்னால் போனால் குறுந்தொகையில் ஆவிரை இருக்கிறது. காதலித்தவளைப் பெறமுடியாதவன் பனை மடலில் செய்த குதிரையில் ஏறித் தெருவுக்கு வருகிறபோது, அந்தக் குதிரைக்குப் போட்ட மாலை ஆவிரம்பூ. மல்லிகை இருக்க இதை ஏன் எடுத்தான் என்று கேட்பவர்கள், ஊருக்கு வெளியே எது கை நிறையக் கிடைக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

பறிக்கலாமா?

பறிக்கலாம், கொஞ்சமாக. ஒரு செடியில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நகத்தால் கிள்ளுங்கள், கிளையை ஒடிக்காதீர்கள். காணும் பொங்கலை ஒட்டி கொங்குப் பக்கம் பெண்பிள்ளைகள் கூடைகளோடு போய்ப் பூப்பறிக்கிற நோம்பி கொண்டாடுவார்கள், செடிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. கெடுவது வியாபாரத்துக்கு வேரோடு பிடுங்குவதால். சில வருடங்களாகப் பொங்கல் சந்தையில் மண்ணோடு பிடுங்கிய முழுச் செடியைப் பார்க்கிறேன். அதை வாங்காதீர்கள், கிளைக் கொத்து கேட்டு வாங்குங்கள். சாலையோரத்துச் செடி, பூச்சிமருந்து அடித்த வயலோரச் செடி இரண்டும் சாப்பிடுவதற்கு ஆகாது.

இதழை மட்டும் எடுத்து, நிழலில் நாலைந்து நாள் காயவைத்தால் நொறுங்கும் பதம் வரும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவிட்டால் தேநீர். பச்சைப் பூவில் பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைக்கலாம், லேசாகக் கசக்கும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழியை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடிக்கப்போகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவர

செடியைத் தோண்டி எடுத்து வந்து நட்டால் பிழைக்காது. ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும், அறுந்தால் முடிந்தது. பங்குனி, சித்திரையில் காய்ந்த நெற்று பத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விதை கல்போல இருக்கும். அப்படியே போட்டால் அது முளைக்க விரும்புகிற வருடத்தில் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இறக்கி இரண்டு நிமிடம் விட்டு, விதையில் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை விதைக்கலாம், உப்பாதவற்றைச் சொரசொரப்பான கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள்.

நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். உரம் வேண்டாம். அவரைக் குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமே என்று கேட்பார்கள். துவரையும் உளுந்தும் வேரில் முடிச்சு விட்டுச் செய்கிற வேலையை ஆவாரை செய்வதில்லை. அதன் தழையை வெட்டி வயலில் மிதிப்பது பழைய வழக்கம், அது வேறு.

என் முதல் செடியை நான் ரோஜாவை வளர்ப்பதுபோல் தினமும் தண்ணீர் ஊற்றி அழுகடித்தேன். இரண்டாவதை மறந்துவிட்டேன், அது இரண்டாம் வருடக் கார்த்திகையில் பூத்தது. பூ முடிந்ததும் பங்குனியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டால் அடுத்த மழைக்கு அடர்ந்து கிளைக்கும். வெட்டிய தழையைத் தென்னைக்கு அடியில் போட்டுவிடுங்கள், ஆட்டுக்குப் போட்டால் அது மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.